இரவல் கொடுத்த அங்கி

ரொக்காயா செக் யார் என்று கேட்டால் கருவாட்டு வியாபாரி, விதவை, ஒற்றை மகனைக் கடலில் பறிகொடுத்தவள் என்று எங்கள் ஊரில் இப்போது யாரும் சொல்லிவிடுவார்கள். கடைசியாகச் சொன்னதை அவள் காதுபடச் சொல்ல முன்பு ஒருவருக்கும் தைரியம் கிடையாது. சொன்னவர் தலையில் மீன் அலசிய தண்ணீர் விழும். ஒருமுறை எங்கள் இமாமின் தம்பி ஆறுதல் சொல்ல வந்து, வாசலிலேயே குளித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் பெந்தா கே. தியாரோய் கடற்கரையில், அவளுடைய கருவாட்டுக் களத்துக்கு எதிரே பயறு வடை சுட்டு விற்கிறேன். எங்கள் பக்கம் கே வீட்டாருக்கும் செக் வீட்டாருக்கும் கேலி முறை. எதைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையில் முகத்தைப் பார்த்ததும் திட்டிக்கொள்ளாவிட்டால் எங்களுக்குப் பொழுது விடியாது.

"வந்துட்டா பாரு சோத்துப்பானை. ஒரு ஊரு அரிசிய ஒருத்தியே தின்னு தீர்க்கறவ" என்பேன்.

"உன் வடையத் தின்னா பசி எப்பிடி அடங்கும்? நாயிகூட மோந்து பாத்துட்டுப் போவுதுடி" என்பாள்.

இந்த முறை இருந்ததால்தான் அவளிடம் நான் கொஞ்சம் உண்மை பேச முடிந்தது. ஆனால் பிராம் விஷயத்தில் அந்தச் சலுகையும் செல்லாது.

பிராம் அவள் மகன். நல்ல மீனவன். கடலில் மீன் இல்லாமல் போனதும் அவன் வயதுப் பிள்ளைகளெல்லாம் "பார்சிலோனா, இல்லாட்டி பர்சாக்" என்று பாடிக்கொண்டு திரிந்த காலம் அது. பர்சாக் என்றால் செத்தவர்கள் மறுமைக்குக் காத்திருக்கும் இடம். வாழ்ந்தால் பார்சிலோனா, செத்தால் பர்சாக் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெற்றவள் வயிறு பற்றி எரியும். பிராம் ஒருநாள் மல்யுத்தம் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினான். மறுநாள்தான் தெரிந்தது, படகேறிவிட்டான் என்று. ஸ்பெயின் தீவுக்குப் போன அந்தப் படகைப் பற்றி அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அதில் போன மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் ஒவ்வொன்றாகக் குர்ஆன் ஓதினார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள், அழுது முடித்தார்கள். ரொக்காயா மட்டும் அழவில்லை. "ஜெயில்ல கெடப்பான். போன் தொலைஞ்சிருக்கும். உங்க புள்ளைங்க செத்தா எம்புள்ளயும் சாகணுமா?" என்றாள்.

இதில் மாட்டிக்கொண்டவள் மருமகள் செய்னபு. கல்யாணமாகிக் கைப்பிள்ளையோடு நின்றவள். வருஷங்கள் ஓடி அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. படகுகளுக்குப் பூவும் பேரும் எழுதுகிற கோரா அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். நல்ல மனிதன், பொறுமைசாலி. காணாமல் போனவனுக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது, செய்னபு கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா நாட்களை முடித்துவிட்டு அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று இமாமும் சொல்லிவிட்டார். அவள் மாட்டேன் என்றாள்.

"நான் இத்தாவுக்கு உட்கார்ந்தா, மாமி கண்ணுக்கு அவங்க மகனைக் கொன்னவ நானாத்தான் தெரிவேன், பெந்தாக்கா. அவங்க வாயால ஒரு தடவ சொல்லட்டும்."

மாமியார் சொல்லப் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். இரண்டு பெண்களும் ஒரே தட்டில் சோறு தின்று, ஒரே களத்தில் மீனைப் புரட்டி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தேய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் ஒரு பெண் பிழைத்துப்போவாளே என்று.

அந்த நிலைமையில்தான் கலைஞர்கள் வந்தார்கள். எங்கள் நாட்டுத் தலைநகர் தக்காரிலிருந்து சிலர், அக்ராவிலிருந்து ஒருவர், லாகோஸிலிருந்து ஒருத்தி, பாரிஸிலிருந்து சிரா என்கிற சின்னப் பெண். நாம் யார், ஏன் ஊரை விட்டுப் போகிறோம், போன இடத்தில் என்னவாகிறோம் என்பதைக் கண்காட்சியாக வைக்கப் போகிறார்களாம். அதுவும் அவர்கள் மட்டும் செய்வதில்லையாம், ஊர் ஜனங்களும் சேர்ந்து செய்வதாம். மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியைக் கழுவிவிட்டு அங்கே இறங்கினார்கள். நான் முன்பு தக்காரில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவள், பிரெஞ்சு பேசுவேன். சிரா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"பாரிஸ்."

"அது பொழைக்கற ஊரு. உன் ஊரு எது?"

அவள் சிரித்தாள். "அதத்தான் தேடிட்டு வந்திருக்கேன், அக்கா. அங்க என்னைய மாலிக்காரின்னு சொல்றாங்க. அம்மா அப்பாவோட மாலிக்குப் போனா பாரிஸ்காரின்னு சொல்றாங்க."

"நாங்க உன்னைய ஒல்லிக்குச்சின்னு சொல்றோம். உட்காரு, வடை தின்னு."

நல்ல பெண்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடலோடு போன பிள்ளைகளின் உடுப்பிலிருந்து ஆளுக்கொரு துண்டு வெட்டி, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, பெரிய பாயாக ஒரு படகில் கட்டுவது அவள் யோசனை. பெண்கள் தலையாட்டினார்கள். ரொக்காயா வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் யோசனை முட்டிக்கொண்டு நின்றது.

"எம்புள்ள துணியில கத்தரிக்கோல் பட்டுச்சுன்னா, இந்தக் குச்சிய ரெண்டா ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்னு சொல்லு" என்றாள் என்னிடம்.

நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து மொழிபெயர்த்தேன்.

எல்லா வீட்டாரும் கொடுத்து இவள் மட்டும் கொடுக்காவிட்டால் பிராம் அந்தக் கூட்டத்தில் இல்லாமல் போய்விடுவானே என்றும் அவளுக்கு இருந்தது போல. உள்ளே போய் அவனுடைய பெருநாள் அங்கியை எடுத்துவந்தாள். வெங்காயத்தோல் நிறம், கழுத்தில் வெள்ளை நூல் வேலை. செய்னபு கல்யாணத்துக்கு முன் அவனுக்காகத் தைத்துக் கொடுத்தது. "இது இரவல். வெட்டக் கூடாது, தைக்கக் கூடாது, ஒரு ஊசி குத்தக் கூடாது. முடிஞ்சதும் துவைச்சு, இஸ்திரிப் பெட்டி போட்டுத் திருப்பித் தரணும். வந்தா போடறதுக்கு வேற நல்ல அங்கி இல்ல அவனுக்கு."

இதைக் கேள்விப்பட்டதும் மற்றத் தாய்மார்களும் பிடித்துக்கொண்டார்கள். ஓதி முடித்து அழுது தீர்த்தவர்கள்கூட "எங்களுதும் இரவல்தான்" என்று வந்து நின்றார்கள். பாவம் சிரா, தன் யோசனையைத் தூக்கிப் போட்டாள். பாயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உடுப்புகளைத் துவைத்துப் பெட்டி போட்டு மடித்து, படகின் இருக்கைப் பலகைகளில் வரிசையாக வைத்துவிடுவோம், ஆள் உட்கார வேண்டிய இடத்தில் உடுப்பு இருக்கட்டும் என்றாள். படகுக்கு கோரா வர்ணம் அடித்தான். பிராமின் அங்கியை முன்பலகையில் அவன்தான் கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டு என்ன நினைத்தானோ, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தாய்மார்களின் குரலையும் பதிவு செய்தார்கள். சாப்பாட்டுக்குப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள் என்றார்கள். ரொக்காயா ஒலிவாங்கி முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "பிராம்! ஏ பிராம்! சோறு ஆறுது, வாடா!" என்று கத்தினாள். பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சிரா ஒரு வார்த்தையும் புரியாமல் அழுதாள்.

திறப்பு விழா பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு. ஊரே வந்துவிட்டது. ஓதித் தொடங்கிவைக்க இமாமைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் வினை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால் எட்டாம் நாள் அவருடைய உடுப்புகளைத் துவைத்து, மடித்து, பாயில் அடுக்கி வைப்போம். பேர் சொல்லி இமாம் துஆ ஓதிப் பிரார்த்திப்பார். ஆமீன் சொன்னதும் உடுப்புகளை எளியவர்களுக்குச் சதக்காவாக, தானமாகக் கொடுத்துவிடுவோம். கொடுத்ததைத் திருப்பி வாங்குவது கிடையாது. இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. யோசித்துச் செய்வதில்லை.

இமாமுக்குக் கண் மங்கல். அவர் உள்ளே நுழைந்தபோது துவைத்து மடித்த ஆண்கள் உடுப்பு வரிசை வரிசையாக இருக்கிறது. ஒலிபெருக்கியில் செத்த பிள்ளைகளின் பேரெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. சுற்றிலும் தாய்மார்கள் நிற்கிறார்கள். மனிதர் என்ன நினைப்பார்? கையை ஏந்தினார். அவர் ஏந்தியதும் ஊரே ஏந்தியது. நானும் ஏந்தினேன், பொய் சொல்வானேன். துஆ நீண்டது. அவ்வளவு பேர் சேர்ந்து அழுது நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் வீட்டுக்கு வீடு தனியாக அழுதவர்கள் அன்று ஒன்றாக அழுதார்கள். ரொக்காயா மட்டும் கூட்டத்தின் கடைசியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆமீன் சொன்னோம். இமாம் முன்பலகையில் இருந்த அங்கியை எடுத்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவன் கையில் வைத்தார். அவ்வளவுதான். குர்ஆன் வாத்தியார் ஒன்று எடுத்தார், வலை பின்னும் நொண்டி ஒன்று எடுத்தான், எளியவர்கள் ஒவ்வொருவராக வந்து, மரியாதையாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் போனார்கள். தாய்மார்கள் தடுக்கவில்லை. இரவல் என்று சொன்னவர்களே தங்கள் கையால் எடுத்துக் கொடுத்தார்கள். சிரா ஜனங்கள் கண்காட்சியில் கலந்துகொள்கிறார்கள் என்று நினைத்துப் பரவசத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ரொக்காயா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்துசேர்ந்தபோது படகு காலி.

"எங்க?" என்றாள். "எம்புள்ளய எவன்கிட்ட குடுத்த?"

சிராவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் பாய்ந்து விலக்கி, நடந்ததைப் பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று.

"எனக்கு இது தெரியாது, அக்கா. எங்க அம்மா இதெல்லாம் எனக்குச் சொன்னதே இல்ல. தெரிஞ்சிருந்தா மடிச்சு வெச்சிருப்பனா?" என்றாள். பிறகு காலிப் படகின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரை நான் தேற்றுவது? கத்தரிக்கோல் படக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததே ரொக்காயாதான். வெட்டித் தைத்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இதை அவளிடம் சொல்ல என் கேலி முறைக்கும் துணிச்சல் வரவில்லை.

அன்று மாலையே பெண்கள் அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். பிராமின் உடுப்பு போய்விட்டது, அப்படியானால் அவனும் போய்விட்டான் என்பது ஊர்க் கணக்கு. அவள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். செய்னபு வாசலில் நின்று, உள்ளே வாருங்கள் என்றும் சொல்ல முடியாமல், போங்கள் என்றும் சொல்ல முடியாமல் நின்றாள்.

மறுநாளிலிருந்து ரொக்காயா களத்துக்கு வரவில்லை. அங்கியைத் தேடினாள். இமாமைக் கேட்டாள், அவருக்கு யார் கையில் கொடுத்தோம் என்று நினைவில்லை, வெளியூர்க்காரன் போலிருந்தது என்றார். வீடு வீடாக, கடை கடையாகப் போனாள். நானும் கூடப் போனேன். என் வடைச்சட்டி காய்ந்தது.

"கிடைச்சா என்ன செய்வ?" என்றேன்.

"பிடுங்குவேன்."

"சதக்காவப் பிடுங்குனா பாவம்டி."

"உயிரோட இருக்கறவன் துணி சதக்கா ஆகாது. போய் உன் கிதாபுல பாரு."

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல அங்கி கிடைத்தவன் ஜும்மாவுக்குப் போடாமல் வேறு எதற்குப் போடுவான்? அவள் கணக்கு சரிதான். பள்ளிவாசலுக்கு எதிரே வேப்பமர நிழலில் நின்றோம். தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்து, செருப்புத் தேடி, கலைந்துகொண்டிருந்தார்கள். வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு முதுகு தெரிந்தது. அதே உயரம். அதே மாதிரி கொஞ்சம் சாய்ந்த தோள். நானே ஒரு கணம் அவன்தான் என்று நினைத்தேன்.

"பிராம்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். தேடி வந்தது துணியைத்தான் என்பது அவளுக்கே மறந்துபோயிற்று. அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு செருப்பு கழன்று வழியிலேயே கிடந்தது.

அவன் திரும்பினான். முப்பது வயதிருக்கும். நல்ல கறுப்பு, நெற்றியில் சிமெண்டு பட்டு வெந்த காயம். கினியாக்காரன். செலு என்று பேர் சொன்னான். கட்டட வேலைக்குக் கல் சுமக்கிறவன்.

ரொக்காயா மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். கையை ஓங்கியிருந்தாள். அது அப்படியே நின்றது.

"அம்மா, இது உங்களுதா?" என்றான் அவன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "இமாம் என் கையில வெச்சாரு. வேண்டாம்னு சொல்லத் தெரியல. துவைச்சுதான் போட்டேன். வேணும்னா எடுத்துக்குங்க." அங்கியைத் தலைவழியாகக் கழற்றத் தொடங்கினான். உள்ளே பனியன்கூட இல்லை. விலா எலும்பெல்லாம் தெரிந்தது.

"இரு" என்றாள் ரொக்காயா. "நீயும் போறியா?"

அவன் பாதி கழற்றிய அங்கியோடு சுற்றுமுற்றும் பார்த்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று படகுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

"போறியாடா?"

"ஆமாம்மா. காத்து சரியானதும்."

"உங்கம்மா எங்க?"

"லாபேல. கினியா."

"படகுக் கூலிக்கு எத வித்தா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பசுவ. ரெண்டு பசு இருந்துச்சு."

 ரொக்காயா அவன் கையை விலக்கி, அங்கியை அவன் தோளிலிருந்து கீழே இழுத்துவிட்டாள். கழுத்து நூல் வேலையை நேர் செய்தாள். சின்னப் பிள்ளைக்குப் பெருநாள் காலையில் செய்வதுபோல முன்பக்கம் நீவிவிட்டாள்.

"போட்டுக்க" என்றாள். "செத்தவன் துணிய திருப்பி வாங்கக் கூடாது."

 அத்தனை வருஷமும் ஊரே காத்துக்கிடந்த வார்த்தையை அவள் முன்பின் தெரியாத ஒருவனிடம், தெருவில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாள்.

"நான் என் காதுல கெடந்த பொன்ன வித்தேன்" என்று அவனிடமே சொன்னாள். "ஒருத்தருக்கும் தெரியாது. அவன் கேட்கல, நானா குடுத்தேன். போடா, போய்ப் பொழைன்னு நான்தான் படகேத்தினேன். அவன் செத்துட்டான்னா கொன்னவ நான். அதான் சாக விடல."

அவன் அழுதான். அவள் அழவில்லை. "போகாதன்னு சொல்ல எனக்கு வாயில்ல. உங்கம்மாகிட்ட சொல்லிட்டுப் போ. படகோட பேரு, கூட வர்றவன் பேரு எல்லாம் சொல்லிட்டுப் போ. யார்கிட்ட கேட்கறதுன்னாச்சும் அவளுக்குத் தெரியட்டும்" என்றாள். அவன் அந்த வருஷ மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். சேர்ந்தானா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு நடந்து வந்தோம்.  முற்றத்தில் செய்னபு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியாரின் வெறுங்கையைப் பார்த்தாள்.

"கிடைக்கலையா மாமி?"

"கிடைச்சுது. குடுத்துட்டேன்." ரொக்காயா பாயை விரித்து அவளே உட்கார்ந்தாள். "தலையை மூடிக்கிட்டு உள்ள போம்மா. இன்னையிலிருந்து நீ இத்தா."

செய்னபு கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு, "ஐயோ மாமி, சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். யார் இந்த வார்த்தையை எதிர்பார்த்து வருஷக்கணக்காய் இருந்தாளோ, அவளே கேட்கமாட்டேன் என்று கதறினாள்.

எங்களில் துக்கம் கேட்பவர்கள் "தலை நிமிர்ந்திருங்கள்" என்பார்கள். கேட்டுக்கொள்பவர் "உன் பங்குக்கு நீயும் நிமிர்ந்திரு" என்று பதில் சொல்ல வேண்டும். அன்று நான் முதலில் சொன்னேன். பதில் வந்தது. செய்தி பரவி முற்றம் நிறைந்தது. வந்த ஒவ்வொருத்திக்கும் ரொக்காயா அதே பதிலைத் தவறாமல் சொன்னாள். குரல் உடையவில்லை. பெண்கள் ஓரளவு கலைந்த பிறகு செய்னபு, இத்தாத் துணியில், அவள் எதிரே வந்து உட்கார்ந்து, "தலை நிமிர்ந்திருங்க, மாமி" என்றாள்.

ரொக்காயாவுக்குப் பதில் வரவில்லை. மருமகளின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "செய்னபு, அவனா போகல. நான்தான்டி அனுப்பினேன்" என்றாள்.

"தெரியும் மாமி."

"எப்போலேர்ந்து?"

"அவர் போன மறுநாளிலேர்ந்து. உங்க காது வெறுமையா இருந்துச்சு."

ரொக்காயா காதைத் தொட்டுப் பார்த்தாள்.

செய்னபு அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நானும்தான் மாமி போகச் சொன்னேன். அழுது அழுது அனுப்பினேன். நீங்க அனுப்பினதச் சொன்னா நானும் சொல்லணுமேன்னு பயந்துட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகுதான் ரொக்காயா அழுதாள். நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.